ஹைகோர்ட் ஒண்ணு

நான் ஒருவரிடம் டிக்கெட் கேட்டால்
ரெண்டு பேர் பைக்குள் கை விடுவார்கள்.
மேலூரில் எடுத்து மாட்டுத்தாவணி சேர்வதற்குள்
தினம் நாலைந்து தடவை.
மாறுகண் அதிர்ஷ்டம் என்றார்கள் பெண் பார்த்த வீட்டில்.
அதிர்ஷ்டம் சில்லறையாகப் படியில் உருண்டு போகும்.
நீட்டிய உள்ளங்கை எங்கே முடிகிறது
காற்று எங்கே ஆரம்பிக்கிறது
எனக்குத் தெரிந்ததில்லை.
தெரியவில்லை என்பதும் தெரியாது.
உலகம் காலண்டர் அட்டையில் ஒட்டின மாதிரிதான்
எல்லாருக்கும் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

காக்கைக்குக் கண் ரெண்டு, மணி ஒன்று என்பார்கள்.
அந்தப் பக்கம் பார்க்க அந்தக் கண்ணுக்கு உருளுமாம்
இந்தப் பக்கம் பார்க்க இதற்கு.
டிப்போ சுவரில் எச்சில் இலை கொத்தும் காக்கையை
நெருங்கிப் போய்ப் பார்த்திருக்கிறேன்.
பொய். அதற்கு ரெண்டு மணியும் இருக்கிறது.
எனக்குத்தான் ஒன்று.

கே.கே. நகர் ஆஸ்பத்திரியில் ஜெசிந்தா மேடம்
ஒரு நூலும் மூன்று பாசிமணியும் கொடுத்தார்.
ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறுமுனை மூக்கு நுனியில்.
நடு மணியைப் பார்க்க வேண்டும்.
நூல் ரெண்டாகி, மணியில் பெருக்கல் குறி போட்டால்
ரெண்டு கண்ணும் வேலைக்கு வந்திருக்கிறது.
ஒரே நூல் என்றால் ஒன்று லீவு.

நாற்பத்தோரு வருஷ லீவு.

டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவே
நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.
"கண்டக்டருக்கு மூக்கணாங்கயிறு போட்டாச்சா"
என்பார் டிரைவர் மாயழகு.

மேடம் சொன்ன விளக்கம் தலையில் ஏறவில்லை.
சிட்டம்பட்டி விலக்கில் பஸ்ஸில் ஏறியது.
வாய்தா நாளெல்லாம் ஏறும் அண்ணன் தம்பி, வரப்பு வழக்கு.
அண்ணன் முன்னால் உட்காருவான்.
"ஹைகோர்ட் ஒண்ணு."
பின்னாலிருந்து அதே குரலில் தம்பி:
"ஹைகோர்ட் ஒண்ணு."
ஒரே வரப்பு. மேற்கே நின்றவன் பார்த்தது அப்படி
கிழக்கே நின்றவன் பார்த்தது இப்படி.
ரெண்டும் சத்தியம்.
என் மூளையும் சின்ன வயதில்
இப்படி ஒரு வழக்கை எடுத்திருக்கிறது.
பொறுமையில்லாமல் ஒருத்தன் மனுவைத் தள்ளுபடி செய்து
ஃபைலைக் கட்டிவிட்டது.
தீர்ப்புச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.
வலது, இங்கே என்கிறது.
இடது, இல்லை, கொஞ்சம் தள்ளி என்கிறது.
அந்தக் கொஞ்சத்தை அளந்தால் போதும்.
அதற்குப் பெயர்தான் தூரமாம்.

ஆடி மாசம் ஒரு வியாழன், காலை எட்டேகால்.
தம்பியின் கை இருபது ரூபாயோடு
அட்டையிலிருந்து வெளியே வந்தது.
பயந்து பின்னால் சாய்ந்தேன்.
விரலுக்கும் விரலுக்கும் நடுவே சந்து.
கைக்கும் கம்பிக்கும் நடுவில் ஓர் இடம்
கம்பிக்கும் அண்ணன் பிடரிக்கும் நடுவில் இன்னொன்று
ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காலி.
நிற்க இடமில்லாத பஸ்ஸில் இத்தனை காலி இடம்.
இத்தனை வருஷமாக
டிக்கெட் போடாமல் விட்டிருக்கிறேன்.
"என்னய்யா ஆச்சு" என்றார் மாயழகு கண்ணாடி வழியாக.
சில்லறையை வைத்தேன்.
விழவில்லை.

ஒத்தக்கடை வந்ததும் குனிந்து யானைமலையைப் பார்த்தேன்,
தும்பிக்கையை நீட்டி எழுந்து வரும் என்று.
வரவில்லை. பழைய அட்டையாகவே படுத்திருந்தது.
மேடத்திடம் கேட்டதற்கு
அவ்வளவு தொலைவுக்கு ரெண்டு கண்ணும்
ஒரே வாக்குமூலம்தான் கொடுக்கும் என்றார்.
கிட்டத்தில் இருப்பதற்குத்தான் தகராறு.

கடைசி டிரிப்பில் களைத்துப்போனால்
இப்போதும் ஒரு நூல் காணாமல் போகிறது.
சில்லறை உருளுகிறது.
காலையில் திரும்பி வருகிறது,
எங்கே போனாய் என்று நான் கேட்பதில்லை.

நேற்று மறுபடி வாய்தா.
அண்ணன் முன்னால், தம்பி பின்னால், நடுவே மூன்று சீட்.
அது எவ்வளவு என்று
இப்போது எனக்குத் தெரிகிறது.
ரெண்டு டிக்கெட்டையும்
தனித்தனியாகத்தான் கிழித்தேன்.